ரூபஸ் சொன்ன சாட்சி

ரூபஸைப் பற்றி எங்கள் பக்கம் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஏமாளி என்று ஒரு பேச்சு. நடிகன் என்று இன்னொரு பேச்சு. முதல் பேச்சைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரண்டாவதை என் காதில் விழும்படி எவனாவது சொன்னால் கையில் இருக்கிற டீ கிளாஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, "வேற கட பாத்துக்கோ நைனா" என்று அனுப்பிவிடுவேன். அப்படிச் சில வாடிக்கைகள் போயிருக்கின்றன. போனால் போகட்டும்.

என் பெயர் வரலட்சுமி. கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி டிபன் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை ரூபஸின் பஞ்சர் கடை. சென்னையிலிருந்து திருப்பதி போகிற ரோடு, அதனால் எனக்கும் வியாபாரம் ஓடும், அவனுக்கும் ஓடும். அவன் வீடு திருத்தணியில். காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, கம்ப்ரசரைத் துடைத்து, தொட்டியில் தண்ணீர் மாற்றிவிட்டு உட்காருவான். எங்கள் இருவர் கடைக்கும் முன்னால், தார் ரோடு முடிந்து மண் தொடங்குகிற இடத்தில், தஸ்தகீர் பாய் கொய்யாப்பழ வண்டி போடுவார்.

ரூபஸ் வாய் செத்தவன். லாரிக்காரன் யாராவது "இன்னாய்யா, எவ்ளோ நேரம்?" என்று கத்தினால் குனிந்துகொண்டு டயரையே பார்ப்பான். இட்லி வேண்டுமென்றால் என் கடை வாசலில் வந்து நிற்பானே தவிர கேட்க மாட்டான். நானாகத்தான் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். ஏதாவது சொன்னாலும் முணுமுணுவென்றுதான் வரும். "சத்தமா சொல்லித் தொலையேன்டா" என்று திட்டாத நாள் கிடையாது.

அப்படிப்பட்டவன் கிறிஸ்துமஸ் வந்தால் வேறு ஆளாகிவிடுவான். திருத்தணியில் அவர்கள் சபை சின்னதுதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாயங்காலம் சர்ச் மைதானத்தில் மேடை போட்டு நாடகம் நடத்துவார்கள். மேய்ப்பர்கள், தேவதூதர்கள் எல்லாம் பிள்ளைகள் செய்வது. அது முடிந்ததும் பெரியவர்கள் நாடகம் ஒன்று உண்டு. சபைச் செயலர் ஜெயப்பிரகாஷ் எழுதியது. அவர் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல கை. புது நாடகம் போடலாம் என்றால் சனங்கள் விட மாட்டார்கள். வருஷா வருஷம் அதே நாடகம்தான்.

கதை இதுதான். ஒரு மில்லில் முதலாளியின் அலட்சியத்தால் ஒரு தொழிலாளி மெஷினில் சிக்கிச் சாகிறான். பார்த்த ஒரே ஆள் காவல்காரன். உன் மகனுக்கு இங்கேயே வேலை தருகிறேன் என்று முதலாளி சொன்னதும் காவல்காரன் வாயை மூடிக்கொள்கிறான். கடைசியில் அந்த மகன் அதே மெஷினில் விழுந்து சாகிறான். அந்தச் சாவைப் பார்த்தவர்களும் எவரும் வாய் திறக்கவில்லை. காவல்காரன் மேடை நடுவில் வந்து நின்று கத்துவான். "நான் பார்த்தேன்! இரண்டு கண்ணாலும் பார்த்தேன்! பார்த்த கண்ணை நான் மூடினேன், என் பிள்ளை கண் மூடிப்போச்சே!" விளக்கு அணையும். உண்மை சொல்கிறவனைக் கர்த்தர் கைவிட மாட்டார் என்று ஜெயப்பிரகாஷின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வரும்.

காவல்காரன் வேஷம் எப்போதும் ரூபஸுக்குத்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குரல் எங்கிருந்து வருமோ தெரியாது. என் கடை வாசலில் இட்லி கேட்க வாய் வராதவனா இவன் என்று இருக்கும். முதல் வருஷம் நான் அழுத அழுகையில் முந்தானை நனைந்துவிட்டது. எனக்குச் சாமி வேறுதான். அதனால் என்ன, அழுகை வந்தால் வந்ததுதான். தஸ்தகீர் பாயும் குடும்பத்தோடு வந்து பாயில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் சம்சாரம் சர்வர் பேகம் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழும். மறுநாள் பாய் வண்டியில் இருந்து பெரிய பழமாக ஒன்றை எடுத்து ரூபஸிடம் கொடுப்பார். "எம் பொண்டாட்டிய அய வச்சிட்டியேடா பாவி, இந்தா" என்பார்.

அந்தப் பாய் செத்துப்போனார். ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, பொழுது விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த நேரம். நான் உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சி சத்தத்தையும் மீறி ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் கொய்யா வண்டி பள்ளத்தில் கிடக்கிறது. ரோடு முழுக்கப் பழம். கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கார். ரூபஸ் தஸ்தகீர் பாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கார் ஓட்டி வந்தவன் ஜெயப்பிரகாஷின் மகன். சின்ன வயதில் முதுகில் இறக்கை கட்டிக்கொண்டு அதே மேடையில் ஏறிய பிள்ளை. வேண்டுமென்று செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிக் கண் அசந்திருப்பான். ஆனால் போலீஸிடம் அவன் சொன்னது என்ன தெரியுமா? பாய் போன் பேசிக்கொண்டே ரோட்டுக்குக் குறுக்கே ஓடி வந்தாராம். நட்ட நடு ரோட்டில் வந்து விழுந்தாராம். கேமரா எதுவும் அந்த இடத்தில் கிடையாது. நான் கேட்டது சத்தம் மட்டும். சத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்?

பார்த்தவன் ரூபஸ் ஒருவன்தான். பாய் மண்ணில் நின்றுகொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, பழத்தின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தார். கார்தான் தாரை விட்டு இறங்கி வந்தது. போலீஸிடம் அன்றைக்கே முணுமுணுவென்று இதைச் சொன்னான். அவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த நாளே ஜெயப்பிரகாஷ் வந்துவிட்டார். பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். நான் டீ கொண்டுபோனேன். குடிக்கவில்லை.

"ரூபஸ், எம் புள்ளக்கி வெளிநாட்டுல வேல கெடச்சிகீது. கேஸு ஆய்ட்டா எல்லாம் போச்சிடா."

"அண்ணா, பாய் மண்ணுல நின்னுகினு இருந்தாருண்ணா."

"இருக்கும். நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. பாக்கலன்னு சொல்லு, அது போதும். போன உசுரு திரும்பி வரவா போவுது?"

ரூபஸ் குனிந்து ஒரு டயரை இழுத்துப் போட்டான். பிறகு, "நீங்கதானண்ணா எழுதுனீங்க, பாத்தவன் வாய மூடக்கூடாதுன்னு" என்றான்.

"டேய், அது நாடகம்டா!"

சொல்லிவிட்டு அவர் அழுதார். பொய் அழுகை இல்லை. தலை நரைத்த மனுஷன் பஞ்சர் கடையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவதைப் பார்க்க எனக்கே மனசு இளகியது. அந்தப் பக்கம் சர்வர் பேகம் இருக்கிறாளே என்று நினைத்ததும் இளகின மனசு கெட்டியாகிவிட்டது.

அவள் நிலைமை அப்படி. தஸ்தகீர் பாயின் அண்ணன் தம்பிகளே அவரைத் திட்டினார்கள். போன் பேசிக்கொண்டு போய்க் காரில் விழுந்து பெண்டாட்டி பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டான் என்று எல்லாரும் இருக்கும்போதே சொன்னார்கள். அவள் மகள் ருக்ஸாரிடம் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் அதையே கேட்டிருக்கிறாள். சர்வர் பேகம் கடைக்கு வந்து ரூபஸுக்கு முன்னால் நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அண்ணா, எனக்கு வேற ஒன்னும் வாணாம்ணா. எங்க வூட்டுக்காரரு மேல தப்பு இல்லன்னு கோர்ட்டுல சொல்லி அவங்க எழுதிட்டா போதும். எம் பொண்ணு தல நிமிந்து போவும்."

"சொல்றேம்மா" என்றான் ரூபஸ். அவ்வளவுதான் சொன்னான்.

அதற்கப்புறம் சபை அவனை என்ன பாடு படுத்தியது! போதகர் வீட்டுக்கே வந்து சமாதானமாகப் போகச் சொன்னார். காவல்காரன் வேஷம் வேறு ஒருவனுக்குப் போனது. அந்த வருஷம் நாடகத்துக்கு நானும் போயிருந்தேன். ரூபஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தான். புது ஆள் கத்தினான், அதே சனங்கள் அதே இடத்தில் அழுதார்கள். உண்மையை மறைத்தவனுக்காக மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தவர்கள், உண்மையைச் சொன்னவன் பக்கத்தில் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கேக் தட்டு அவன் வரிசைக்கு வரவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் என் கையில் இருந்த கேக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

ரூபஸின் மகள் ஜெபசெல்விக்கு அரக்கோணத்தில் ஒரு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். ஜெயப்பிரகாஷுக்குத் தூரத்துச் சொந்தம். அது நின்றுபோனது. ரூபஸின் சம்சாரம் ஜெயகுமாரி என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருல எவனும் பாக்காதத இவரு மட்டும் பாத்தாராக்கா? கண்ண மூடிகினு இருந்திருக்கக் கூடாதா?" பெற்றவள் அப்படித்தான் சொல்வாள். அவளை என்னவென்று திட்டுவது?

நான் ரூபஸையே கேட்டேன். "பொண்ணு கல்யாணம் நின்னு போச்சேடா, இப்பவும் சொல்லத்தான் போறியா?"

அவன் தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிக்கொண்டே சொன்னான். "கஷ்டம் வரும்க்கா. நடுவுல வரத்தான் செய்யும். கடைசி சீன்ல எல்லாம் சரியாய்டும்."

அடப்பாவி, வாழ்க்கைக்கு எவன்டா கடைசி சீன் எழுதி வைத்திருக்கிறான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே நம்புகிறான். அத்தனை வருஷம் அந்த மேடையில் நின்று நின்று, உண்மையைச் சொன்னால் ஊர் அழும், விளக்கு அணையும், கர்த்தர் பேசுவார் என்று அவன் உடம்பில் ஊறிப்போயிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு கடைக்குள் போய்விட்டேன்.

கேஸ் வருஷக் கணக்கில் இழுத்தது. கடைசியில் ரூபஸை சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். முதல் நாளே பஞ்சர் கடைக்குள் நின்றுகொண்டு சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா பண்றே?"

"நாளக்கி மறந்துட்டா இன்னா பண்றதுக்கா? அதான் சொல்லிப் பாக்கறேன்."

"பாத்தத சொல்றதுக்கு எதுக்குடா ஒத்திக? பாத்தது மறந்துடுமா?"

"நாலு பேரு முன்னாடி நின்னா எனக்கு வசனந்தாங்க்கா வரும். வேற வராது" என்றான். அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

கோர்ட்டுக்கு நானும் சர்வர் பேகமும் போனோம். ஜெயப்பிரகாஷும் மகனும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரூபஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கூண்டில் ஏறினான். அரசு வக்கீல் கேட்டதற்கு ஒழுங்காகத்தான் பதில் சொன்னான். பாய் மண்ணில் நின்றார், சாக்குப் போர்த்தினார், கார் இறங்கி வந்தது. எல்லாம் சரி, ஆனால் ஒருவருக்கும் கேட்கவில்லை. நீதிபதி நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார்.

அங்கேதான் எல்லாம் கெட்டுப்போனது. அவனுக்கு முணுமுணுப்பை விட்டால் இருந்தது ஒரே ஒரு குரல். சத்தமாகச் சொல் என்றால் அதுதான் வரும். ரூபஸ் நெஞ்சை நிமிர்த்தினான். கையைத் தூக்கினான். "நான் பார்த்தேன்! இரண்டு கண்ணாலும் பார்த்தேன்! அந்த மனுஷன் மண்ணிலே நின்றார் ஐயா, மண்ணிலே நின்றார்!" கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

அது தன் வசனம் என்று ஜெயப்பிரகாஷ் கண்டுகொண்டார். எழுதியவருக்குத் தெரியாதா? குனிந்து தன் மகனுடைய வக்கீல் காதில் ஏதோ சொன்னார். அதற்காக அந்த மனுஷனை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

அந்த வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "ரூபஸ், நீங்க நாடகத்துல நடிப்பீங்களா?"

"ஆங், நடிப்பேங்க."

"என்ன வேஷம்?"

"சாட்சி சொல்ற காவல்காரங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இப்ப சொன்னீங்களே, இரண்டு கண்ணாலும் பார்த்தேன்னு. அது அந்த நாடகத்துல வர்றதா?"

"வருங்க. ஆனா..."

"அந்த சீனை இங்க கொஞ்சம் சொல்லிக் காட்டுங்க."

"இது எதுக்கு?" என்று நீதிபதி கேட்டார். சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கோர்ட்டுக்குத் தெரிய வேண்டும் என்றார் வக்கீல். அரசு வக்கீல் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார். ரூபஸ் என்னைப் பார்த்தான். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவன் என்ன செய்வான், பெரிய மனுஷர்கள் சொல்லிக் காட்டு என்றால் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாதவன். நன்றாகச் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்றுகூட நினைத்திருப்பான்.

சொன்னான். தன் வாழ்க்கையிலேயே அப்படி அவன் நடித்ததில்லை. என் பிள்ளை கண் மூடிப்போச்சே என்று அவன் விம்மியபோது வாசலில் நின்ற போலீஸ்காரர் கண்ணைத் துடைத்தார்.

வக்கீல் மெதுவாகக் கேட்டார். "இப்ப வந்த கண்ணீர் நிஜமா, நடிப்பா?"

"நடிப்புங்க."

"கொஞ்சம் முன்னாடி வந்தது?"

"அது நெஜங்க."

"ரெண்டும் ஒரே மாதிரிதான இருந்துச்சு. எது எதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரூபஸ் அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேறு கேள்வி இல்லை என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

சில வாரம் கழித்துத் தீர்ப்பு சொன்னார்கள். ஒரே சாட்சி, அவரும் நம்பும்படியாக இல்லை, அதனால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை. ஜெயப்பிரகாஷின் மகன் வெளியே வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். எங்களை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் கோர்ட்டு வாசலில் நின்றிருந்தோம். ரூபஸ் கொஞ்சம் தள்ளி, குற்றம் செய்தவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சர்வர் பேகம் அவனிடம் போனாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, ஒன்னு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்க நெஜமாவே பாத்தீங்களா? இல்ல, பாவம் பாய் பொண்டாட்டியாச்சேன்னு எனக்கோசரம் சொன்னீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் கேட்கலாம், வக்கீல் கேட்கலாம். இவளா கேட்பது? ஆனால் அவளையும் குற்றம் சொல்ல முடியாது. வருஷா வருஷம் பாயில் உட்கார்ந்து இவன் நடிப்புக்கு அழுதவள் அவள். கோர்ட்டிலும் அதே குரலைக் கேட்டிருக்கிறாள்.

ரூபஸ் அவளையே பார்த்தான். பிறகு எப்போதும் பேசுகிற அந்த முணுமுணுக் குரலில், "பாத்தேம்மா" என்றான்.

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அதில் எதையோ தேடினாள். கிடைத்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நானும் ரூபஸும் அடுத்த பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. டிக்கெட்டை விரலில் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, அந்தம்மா கேட்டப்ப பாத்தேன்னு சொன்னேன் இல்ல?"

"ஆமாண்டா."

"அது எப்பிடி இருந்துச்சி? நெஜம் மாதிரி இருந்துச்சா?"

எனக்கு அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "இருந்துச்சிடா" என்றேன்.